உம்மும்மாவின் பாங்கு

"மகள், பாங்கு சொல்லியாச்சு. வுழூ எடுத்துத் தொழுங்க."

வத்தேகமயில் எங்கள் வீட்டில் மஃரிப் நேரத்தில் உம்மும்மா தினமும் சொல்லும் வார்த்தைகள் இவை. ஒருநாள் நான் அவரைத் திருத்தினேன். "பாங்கு என்பது பிழை உம்மும்மா. அதான் என்றுதான் சொல்ல வேண்டும்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதன்பின் என் முன்னால் அந்தச் சொல்லை எடுக்கும்போதெல்லாம் சற்றுத் தயங்கினார்.

கல்விச் சுற்றுலாவில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றபோதுதான் என் அவசரம் எனக்குப் புரிந்தது. அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் இலங்கைக்கு வந்தது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும் அளித்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளைக் கூறுகின்றது. மூன்றாவது பகுதி இஸ்லாம் சார்ந்தது. மூன்றினுள் மிகவும் தேய்ந்து போயிருப்பதும் அதுவே.

அது அரபியாக இருக்கும் என்றே எண்ணினேன். எழுத்து அரபு எழுத்துத்தான். மொழியோ பாரசீகம்.

சீனர் ஏன் பாரசீகத்தில் எழுதினார்கள்? அக்காலத்தில் ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து சீனக் கரை வரை வணிகர்கள் பலருக்கும் பொதுவாயிருந்த மொழி அது. உலகப் பயணி இப்னு பதூதா, சீனாவில் ஒரு படகில் பாரசீகப் பாடலைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். 1344இல் இலங்கை வந்தபோது அவர் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தியும் பாரசீகம் விளங்கிக்கொள்பவராக இருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னரும் மொரோக்கோ நாட்டுப் பயணியும் உரையாடப் பாலமாக இருந்தது மூன்றாவதொரு நாட்டின் மொழி! பாரசீகப் படை எதுவும் இங்கு வந்து அதைத் திணிக்கவில்லை. கடலும் வணிகமும் கொண்டுவந்தன.

அந்த மொழி நம் வீடுகளிலும் தங்கிவிட்டது. 'பாங்கு' என்பது அழைப்புக் குரலைக் குறிக்கும் பாரசீகச் சொல். அதன் 'ங்கு'வில் வரும் மெலிந்த ககர ஒலி அரபு நெடுங்கணக்கில் இல்லை. அரபியின் 28 எழுத்துகளை ஏற்றுக்கொண்ட பாரசீகர், இந்த ஒலி உட்பட நான்கு ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளைச் சேர்த்து 32 ஆக்கினர். நாம் சாமான் வாங்கப் போகும் பஸார், கந்தூரி, தர்கா, சால்வை, பாதாம் எல்லாம் பாரசீகத்திலிருந்து வந்தவையே. அதேவேளை, துருக்கி முதல் வங்காளம் வரை 'நமாஸ்' என்ற பாரசீகச் சொல் வழங்க, நாம் மட்டும் 'தொழுகை' என்ற நம் தமிழ்ச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறோம்.

இப்போது உம்மும்மாவின் வார்த்தைகளை மீண்டும் படியுங்கள். பாங்கு பாரசீகம். வுழூ அரபி. தொழுங்க தமிழ். அறிஞர்கள் காலியின் கல்லிலே வாசித்ததைப் போல, ஒரு மூதாட்டியின் பேச்சிலேயும் மூன்று மொழிகள் கூடி நிற்கின்றன. அதான் என்பது மார்க்கத்தின் சொல். அதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஆனால் பாங்கு என்பது பிழையன்று. அது நம் முன்னோர் எவரெவரோடு பழகி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி. கல்லிலே இருந்த பாரசீகத்தைக் காலம் தேய்த்தது. நாவிலே இருப்பதை நாமே தேய்த்துவிடலாமா?

சுற்றுலா முடிந்து வீடு திரும்பியதும் இதையெல்லாம் உம்மும்மாவிடம் சொன்னேன். அன்று நான் திருத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார்.

மறுநாள் மாலை சமையலறையிலிருந்து தயக்கமில்லாத குரல் வந்தது: "மகள், பாங்கு சொல்லியாச்சு."