எட்டு போட்டவர் எல்லாம் 650 ஓட்டலாமா?

150, 200 சிசி வண்டிகளில் சில வருடம் ஓட்டிப் பழகியவர்கள் ‘அடுத்த வண்டி எது?’ என்று விசாரிக்கும்போது ஸ்போர்ட் டூரர் என்ற பெயர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ரேஸ் பைக்கில் போலக் குப்புறக் கவிழ வேண்டாம், க்ரூஸரில் போலக் காலை நீட்டிச் சாயவும் வேண்டாம். முதுகு லேசாக முன்னோக்கி இருக்கும்; எதிரே காற்றுத் தடுப்பு, பக்கவாட்டில் பெட்டிகள். நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு ஒடியாது. தமிழ்நாட்டுக்கு இது ஒவ்வாத வண்டி என்று சொல்லிவிட முடியாது. பார்க்கப்போனால், காடுமேட்டுக்கென்று உயர்த்திச் செய்த அட்வென்ச்சர் வண்டிகளைவிட இதற்குத்தான் இங்கே வேலை அதிகம். சேலத்திலிருந்து கன்னியாகுமரி வரை நான்குவழித் தார்ச்சாலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளும் தார்தான். அங்கே அட்வென்ச்சர் வண்டியின் 21 அங்குல முன்சக்கரத்துக்கு என்ன வேலை? அளவுக்கு மீறி எழுப்பிய கிராமத்து வேகத்தடைகளில் அடிவயிறு உரசும் என்பது ஒரு குறை. மெதுவாக ஏற்றி இறக்கினால் அதையும் சமாளித்துவிடலாம். ஆக, வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அதை நிறுத்தத் தெரிந்தவர் கைக்குத்தான் அது போகிறதா?

ஓட்டத் தெரிவதைச் சொல்லவில்லை. நிறுத்தத் தெரிவதைத்தான் சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை எட்ட ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தாரில் நன்றாக பிரேக் பிடிப்பவர்கூட வண்டி நிற்பதற்குள் மொத்தம் 58 மீட்டர் போயிருப்பார். 120-ல் அதே ஆள், அதே வண்டி, அதே சாலை: ஏறத்தாழ 114 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. சின்ன வண்டியில் 90-ஐத் தாண்டினாலே காற்று நெஞ்சில் அறையும், எஞ்சின் அலறும், ஹேண்டில் அதிரும். ‘போதும்’ என்று உடம்பே சொல்லிவிடும். ஸ்போர்ட் டூரர் இந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடுகிறது. அதன் சொகுசே அதுதான். 120-ல் போகிறவருக்கு 80-ல் போவதுபோல இருக்கும். வேகத்துக்குப் பொது உச்சவரம்பே இல்லாத நீண்ட பகுதிகள் உள்ள ஜெர்மனியின் ஆட்டோபானில் அந்தச் சொகுசுக்குப் பொருள் உண்டு. இங்கே நான்குவழிச் சாலையிலும் இருசக்கர வாகனத்துக்கு 80-தான் எல்லை. மீடியன் இடைவெளியில் திரும்பும் டிராக்டரும், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மொபெட்டும், சாலையில் காயப்போட்ட நெல்லும் அந்த 114 மீட்டருக்குள்தான் இருக்கும்.

இந்த இடத்தில் நம் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 18 வயதில், ஒரு சின்ன வண்டியில் எட்டு போட்டுக் காட்டி வாங்கும் கியர் வண்டி லைசென்ஸ்தான் 100 சிசிக்கும் 1000 சிசிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி முதல் படிமுறை நடப்பில் இருக்கிறது: முதலில் 125 சிசி வரை, அடுத்தது 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன் வரை, அதில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகே பெரிய வண்டி. நேரடியாகப் பெரிய வண்டிக்குப் போக 24 வயதாக வேண்டும். 65 குதிரைத்திறனுக்கு மேல் போகும் 650 ஸ்போர்ட் டூரரை அங்கே 19 வயதுப் பையன் முழுத் திறனோடு ஓட்ட முடியாது. இங்கே தவணை கட்ட முடிந்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டென்பது நம் நாட்டில் யாருக்கும் தெரியாததல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 150 சிசிக்கு மேல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804. வரிக்கும் காப்பீட்டுக்கும் தெரிகிற கோடு லைசென்ஸுக்கு மட்டும் தெரியவில்லை.

‘அதான் ஏபிஎஸ் இருக்கிறதே’ என்பார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். உயிர் காக்கும் கருவி என்பதில் சந்தேகமில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். மணலில் இல்லாத பிடிமானத்தைக் கொண்டுவந்து தராது. அதைவிட முக்கியம், சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு பிரேக்கைப் பிடித்தால்தான் அது வேலை செய்யவே தொடங்கும். ‘முன்பிரேக் பிடித்தால் தூக்கியடிக்கும்’ என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நம் கை அங்கேதான் தயங்குகிறது. வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். பத்து வருடம் பின்பிரேக்கை மட்டும் மிதித்த அனுபவம், பெட்டியும் பின்சீட்டில் ஆளுமாக 350 கிலோவைத் தாண்டும் வண்டியில் உதவாது. ‘நான் 80-ஐத் தாண்டவே மாட்டேன்’ என்பவருக்கும் இது பொருந்தும்: 58 மீட்டர் என்பது பிரேக்கை முழுதாகப் பிடித்தவர் கணக்கு.

2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 75,000 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களில் மிகப் பலர் சின்ன வண்டிக்காரர்களாகத்தானே இருப்பார்கள், பெரிய வண்டியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய வண்டி வாங்க வருபவர் ஓட்டக் கற்றதும் அதே சாலையில், அதே பயிற்சியில்லாத முறையில்தான். பழக்கம் மாறாமல் குதிரைத்திறன் மட்டும் நான்கு மடங்காகிறது. பக்குவப்பட்டவர் எதையும் ஓட்டுவார் என்பதும் உண்மை. அந்தப் பக்குவத்தை இங்கே யாரும் சோதிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

சட்டம் படி கட்டாதவரை அதை வாங்குகிறவரே கட்டிக்கொள்ள வேண்டும். 40 குதிரைத்திறன் சுற்றளவில் உள்ள 300, 400 சிசி வண்டியில் இரண்டு வருடம். அந்தக் காலத்தில் காலி மைதானத்தில் 60-லிருந்து முன்பிரேக்கை முழுதாகப் பிடித்து நிறுத்தும் பழக்கம், தனியாகவும் பின்னால் ஆளை வைத்தும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் பயிற்சிகளுக்கான கட்டணத்தை வண்டியின் ஆன்-ரோடு விலையில் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் ஸ்போர்ட் டூரரைத் தயங்காமல் வாங்கலாம். சின்ன வண்டியிலேயே முழு பிரேக் பிடிக்கக் கை கூசினால், ஷோரூமுக்குப் போவதை ஒரு வருடம் தள்ளிப் போடுவதே கெட்டிக்காரத்தனம்.