முன்சக்கரத்தின் இரு கால்கள்

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் கட்டுரையா என்று புருவத்தை உயர்த்துவோர் இருக்கலாம். ஆனால் தோழியரே, நம்முள் எத்தனை பேர் தினமும் காலையில் தந்தையாரின் பின்னாலோ அண்ணனின் பின்னாலோ அமர்ந்து பள்ளி வாயிலில் வந்து இறங்குகிறோம்! பிரேக் பிடித்தவுடன் வண்டியின் முன்புறம் குபுக்கென்று தாழ்வதும், குழியில் விழும்போது 'டணார்' என்று ஓசை எழுவதும் நமக்குப் பழகிப்போனவை. அவற்றுக்குக் காரணம் என்ன, சீர்செய்ய வழியுண்டா என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

முன்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் இரண்டு குழாய்களுக்கு ஃபோர்க் என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கிச் சென்று வரும். உள்ளே நீண்ட ஸ்பிரிங் ஒன்றும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது எண்ணெய். எண்ணெய் இல்லாவிடில் ஒரு மேட்டில் ஏறிய வண்டி ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டே செல்லும்! இவ்வாறு எண்ணெயால் அடக்கப்படும் ஃபோர்க்கை விற்பனை வண்டிகளில் முதன்முதலில் அமைத்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஆண்டு 1935. நம் சென்னைத் திருவொற்றியூரின் பெயரோடு இணைந்துவிட்ட ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் இவ்வகை ஃபோர்க்கையே கொண்டது. அந்நிறுவனத்தின் கிளாசிக் 350 வண்டியில் முன்பு 35 மி.மீ. தடிமனுள்ள ஃபோர்க் இருந்தது. 2021-இல் வந்த புது வடிவில் அது 41 மி.மீ. ஆயிற்று. ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 130 மி.மீ.தான். குழாய் தடித்தால் வளைவது குறையும்; வளைவில் திரும்பும்போது சக்கரம் ஹேண்டில்பாரின் சொல்லைக் கேட்கும்.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அதற்கேற்ற அளவில் ஸ்பிரிங் சுருங்கும் என்று கண்டவர் இராபர்ட் ஹூக். அவர் அதை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையைச் சொன்னாராம். (தேர்வுத்தாளில் நாம் இப்படிச் செய்தால் இயற்பியல் சிஸ்டர் என்ன சொல்வார்களோ!) ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு ஸ்பிரிங்குகளும் சேர்ந்து ஒரு மி.மீ. சுருங்க ஒரு கிலோ பாரம் வேண்டும் என்று கொள்வோம். வண்டியும் ஓட்டுபவரும் முன்புறம் தரும் பாரம் 70 கிலோ எனில் ஸ்பிரிங் 70 மி.மீ. சுருங்க வேண்டும். பொருத்தும்போதே 25 மி.மீ. அழுத்தி வைத்திருந்தால், வண்டி தாழ்வது மீதி 45 மி.மீ. இப்போது பலமாகப் பிரேக் பிடிக்க, மேலும் 60 கிலோ பாரம் முன்னே சாய்கிறது. மொத்தத் தாழ்வு 105 மி.மீ. ஆகிவிடும். மிச்சம் 25 மி.மீ.தான். அந்த நேரத்தில் ஒரு குழி வந்தால்? அதுதான் நாம் கேட்கும் 'டணார்'.

ஒரு மி.மீ.க்கு 1.3 கிலோ தாங்கும் ஸ்பிரிங்கை 15 மி.மீ. முன்னழுத்தத்துடன் போட்டால் நிலை மாறுகிறது. அமர்ந்தவுடன் தாழ்வது 39 மி.மீ.; பிரேக்கின்போது கூடுவது 46 மி.மீ. ஆக 85, கையிருப்பு 45 மி.மீ.! இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே. ஆயினும் போக்கு இதுதான்.

'மேலேயுள்ள திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும்' என்று கூறுவோர் பலர். அது சரியன்று. திருகு முன்னழுத்தத்தைக் கூட்டி வண்டியைச் சற்று உயர்த்துமேயன்றி ஸ்பிரிங்கின் குணத்தை மாற்றாது. பழைய ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் 60 கிலோவுக்கு அது 60 மி.மீ. தாழ்ந்தே தீரும். மேலும், குழியைக் கண்டால் சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட இடம் வேண்டும். அளவுக்குமீறி உயர்த்திய வண்டியில் அந்த இடமும் போய்விடுகிறது. தரையை விட்ட சக்கரத்துக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை. மழைக்காலத்தில் இதை நினைத்துப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

எண்ணெயின் கதை இதைவிடச் சுவையானது. சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் சில சிறு துளைகளின் வழியே புகுந்து செல்கிறது. வேகம் இருமடங்கானால் அத்துளைகள் தரும் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகத் தாழும்போது போதிய தடையில்லை. குழியில் சட்டென மோதும்போதோ கல்லைப் போல் இறுகி, அதிர்ச்சி மணிக்கட்டுக்கு ஏறுகிறது. தடித்த எண்ணெய் ஊற்றினால் தாழ்வு நிதானப்படும். குழியின் அடி இன்னும் கடுமையாகும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரம் இது! இதற்கு மாற்றாக 'எமுலேட்டர்' என்னும் சிறு வால்வைத் துளைக்குழாயின் தலையில் வைக்கிறார்கள். பழைய துளைகளைப் பெரிதாக்கிவிட்டுத் தடை செய்யும் வேலையை வால்வினிடம் ஒப்படைப்பர். மெல்ல நகரும்போது அது எண்ணெயைத் தடுக்கும். பலத்த மோதலில் தன் குட்டி ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு திறந்து வழிவிடும். செலவழிப்போர் இதற்குச் செலவழிக்கலாம் என்பது எம் எண்ணம்.

எண்ணெய் மட்டத்தையும் அளந்தே ஊற்ற வேண்டும். அதன்மேல் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். கன அளவு பாதியானால் அழுத்தம் இருமடங்காகும் என்ற பாயில் விதி இங்கே வேலை செய்கிறது. மட்டம் சற்று உயர்ந்தால் கடைசித் தாழ்வில் நல்ல தாங்குதல் கிடைக்கும். மிகுந்தால் ஆயில் சீல் பிய்த்துக்கொள்ளும்.

முன்புறம் தாழ்வதில் இன்னொரு தீங்கும் உண்டு. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அதன் அச்சு சுழலும் புள்ளிக்குச் சற்றுப் பின்னே இருப்பதால் அது தானே நேராகப் பின்தொடர்கிறது. மோட்டார் சைக்கிளிலும் ஹேண்டிலின் சுழலச்சை நீட்டினால் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னேதான் டயர் தரையைத் தொடுகிறது. முன்புறம் தாழத் தாழ அந்த இடைவெளி சுருங்கும். ஹேண்டில் இலேசாகி அலைபாயும்.

எல்லாவற்றையும் மாற்றுமுன் அளந்து பார்ப்பது எளிது. வழுக்கும் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைச் சுற்றி, ஓட்டுபவர் ஏறி அமர, இன்னொருவர் வண்டியைப் பிடிக்க, அளவுகோலுக்கு நம்மில் ஒருத்தி போதும். தாழ்வு மொத்தத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருத்தல் நலம். தோழியொருத்தியின் தந்தையார் வண்டியில் நாங்கள் அளந்தபோது அவர் மட்டும் அமர 46 மி.மீ.; தாயாரும் பின்னே அமர 50 மி.மீ. பின்னால் இருப்பவரின் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கே போகிறது என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

பொன்னிறத்தில் மின்னும் தலைகீழ் ஃபோர்க்கின்மேல் அண்ணன்மாருக்கு ஆசை அதிகம். அது உறுதியானதே. எனினும் வண்டியின் விவரங்கள் பதிவுச் சான்றிதழினின்றும் மாறும்படி எதையும் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. முழு ஃபோர்க்கையும் மாற்ற நினைப்போர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். நல்ல ஸ்பிரிங்கும் புதிய எண்ணெயும் போடுவது மிகக் குறைந்த செலவு. அதற்கும் முன்னே ஹேண்டில் பேரிங், டயர்க் காற்று, ஆயில் சீல் இம்மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சீலில் கசியும் எண்ணெய் குழாயில் வழிந்து பிரேக் டிஸ்க்கைத் தொட்டுவிட்டால், பிடித்த பிரேக் பிடிக்காது. குழாயை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்தால் கசிவு உண்டா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.