இயந்திரம் ஓரிடம், எரிபொருளும் அதே இடம்



குளிர்பானக் கம்பெனி நம் கடைக்கு இலவசமாக ஃப்ரிட்ஜ் தருகிறது. அதில் அந்தக் கம்பெனி பாட்டில்களை மட்டுமே அடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாளை மனத்தாங்கல் வந்து சரக்கு நின்றுவிட்டால், காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வோம்? நாட்டின் முதல் அணுமின் நிலையத்துக்கும் இப்படி ஒரு சங்கடம் வந்தது.

பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் அந்த நிலையத்தை அமைக்க 1963-ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆயிற்று. அமெரிக்க அரசு நீண்ட காலத் தவணையில் கடன் கொடுத்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி இரண்டு உலைகளைக் கட்டி ஒப்படைத்தது. 1969 அக்டோபரில் நிலையம் முறைப்படி இயங்கத் தொடங்கியது.

பிடி இருந்தது எரிபொருளில். மண்ணில் கிடைக்கும் யுரேனியத்தில் இந்த வகை உலைக்குப் பயன்படும் பகுதி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதைக் கூட்டிச் செறிவூட்டிய யுரேனியம்தான் தாராப்பூருக்கு வேண்டும். 30 ஆண்டுகளுக்கு அமெரிக்காவே தருவதாக ஏற்பாடு. 1974-ல் நம் நாடு பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. 1978-ல் அமெரிக்கா புதுச் சட்டம் போட்டது. சரக்கு இழுபறியாகி, கடைசியில் நின்றது. 1982-ல் பேசி முடித்து பிரான்ஸ் கை கொடுத்தது. பின்னர் சீனாவும் ரஷ்யாவும் கொடுத்தன.

ராஜஸ்தானில் ராவத்பாட்டா நிலையம் கனடா உதவியோடு எழுந்தது. 1974-க்குப் பின் கனடாவும் விலகிக்கொண்டது. பாதியில் நின்ற இரண்டாவது உலையை நம் பொறியாளர்களே முடித்து 1981-ல் ஓட்டினார்கள். இந்த வகை உலைக்குச் செறிவூட்டாத யுரேனியமே போதும். அந்தக் கைப்பழக்கத்தில் எழுந்ததுதான், திருநீர்மலைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் கல்பாக்கம் நிலையம். அதன் முதல் உலை 1984 ஜனவரியில் முறைப்படி இயங்கத் தொடங்கியது.

அதற்காக வெளியார் உதவியே வேண்டாம் என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. கூடங்குளத்துக்கு 1988-ல் சோவியத் நாட்டுடன் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த நாடு உடைந்ததால் வேலை தள்ளிப்போய், 2013-ல் முதல் மின்சாரம் வந்தது. விலகிப் போன கனடாவும் 2015-ல் நமக்கு யுரேனியம் விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. சரக்கு தருபவரிடம் நல்லுறவு வேண்டும், பத்திரமும் வேண்டும். ஆனால் பத்திரம் மட்டும் கடையை நிரப்பாது. இரண்டாவது கொள்முதல் இடமும், சொந்தக் கைத்திறனும் இருந்தால்தான் கதவடைக்காமல் தாக்குப்பிடிக்கலாம். சண்டை போட்டுப் போனவரும் ஒருநாள் திரும்பி வரலாம். அதுவரை கடை திறந்திருக்க வேண்டும்.