ஹாரி பாட்டரும் நம் வீட்டுத் தாயத்தும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, பிள்ளைங்க ஹாரி பாட்டர் படம் பார்க்கலாமா? எல்லாம் மந்திரமும் மாயமுமா இருக்கே!" நியாயமான கேள்வி. அந்த வரிசையில் நான்காவதாக 2005-இல் வெளிவந்த 'ஹாரி பாட்டரும் நெருப்புக் கோப்பையும்' படத்தை எடுத்துக்கொண்டு இன்று சிந்திப்போம்.

முந்தைய மூன்று படங்களைவிட இதில் இருள் அதிகம். 13 வயதுக்கு உட்பட்டோருக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கை, அமெரிக்காவில் இவ்வரிசையில் முதன்முறையாக இந்தப் படத்துக்கே தரப்பட்டது. காரணம் உண்டு. 14 வயது ஹாரியும் அவனுக்கு மூத்தவனான செட்ரிக்கும் போட்டிக் கோப்பையைச் சேர்ந்தே தொடுகிறார்கள். அது அவர்களை ஒரு கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே செட்ரிக் நொடியில் கொல்லப்படுகிறான். தந்தையின் எலும்பு, ஊழியனின் சதை, ஹாரியின் இரத்தம் ஆகியவற்றைக் கொண்டு வால்டமார்ட் என்னும் தீயவன் மீண்டும் உடலெடுக்கிறான். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம்.

அப்படியானால் பயமுறுத்தும் கதையே ஆகாதா? நம் கரிசல் காட்டில் பேய்க்கதை கேட்காமல் வளர்ந்தவர் யார்? விக்கிரமாதித்தன் தோளில் சுமந்த வேதாளமும், 1951-இல் வந்த 'பாதாள பைரவி' படத்து மந்திரவாதியும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்று, கதை சொன்ன பாட்டியின் மடியிலேயே பிள்ளை தூங்கியது. இன்றோ அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனபின், கைப்பேசியோடு தனியே உட்கார்ந்து பார்க்கிறது. பயந்தால் பிடித்துக்கொள்ள முந்தானை இல்லை.

சரி, மந்திரம்? திருச்சபைக்குள் இருவிதக் கருத்தும் எழுந்ததுண்டு. பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர், இக்கதைகளைக் குறைகூறிய எழுத்தாளர் ஒருவரைப் பாராட்டி 2003-இல் கடிதம் எழுதினார். 2009-இல் வத்திக்கான் நாளிதழ், இவ்வரிசையின் ஆறாவது படம் நன்மை தீமையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதாகப் பாராட்டியது.

இணைச்சட்டம் 18-ஆம் அதிகாரம் குறிகேட்டல், சூனியம், இறந்தவரிடம் கேட்டல் யாவற்றையும் விலக்குகிறது. கடவுளிடம் தேட வேண்டியதை வேறொரு சக்தியிடம் தேடுவதே அங்கே பாவம். ஹாரியின் மந்திரக்கோல் கற்பனை. பிள்ளைகளுக்கும் அது தெரியும். நாமோ? காய்ச்சல் விடாவிட்டால் மந்திரித்த கயிறு தேடுகிறோம். தொழில் நொடித்தால், செய்வினை வைத்தது யார் என்று கோடாங்கியிடம் கேட்கிறோம். தாயத்து அணிவதும் தவறு என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2117. படத்தைத் தடுத்த அதே கை பிள்ளைக்குத் தாயத்தைக் கட்டினால், பிள்ளை எதைக் கற்கும்?

ஆகவே, பத்து வயதுக்குள் இந்தப் படம் வேண்டாம். அதற்கு மேல் என்றால், அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். நம் நாட்டிலும் 2024 முதல் யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தப் படமானாலும் அதைப் பார்க்கப் பழகுவோம்.

படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் பேசுவோம். இன்னொருத்தியின் தங்கையையும் காப்பாற்ற நின்று, ஏரிப் போட்டியில் ஹாரி பின்தங்கியது ஏன்? உயிர் தப்பி ஓடும்போதும் செட்ரிக்கின் உடலை அவன் தந்தையிடம் கொண்டுவந்து சேர்த்தது ஏன்? இப்படிக் கேட்டால் பிள்ளைகள் நமக்கே பாடம் சொல்வார்கள்.

பிறர் இரத்தத்தை எடுத்துத் தான் வாழ நினைத்தவன் அந்தத் தீயவன். தம் இரத்தத்தைத் தந்து நம்மை வாழவைத்தவர் நம் ஆண்டவர். இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடமிருந்தே கேட்டு வளரும் பிள்ளை எந்த இருட்டுக்கும் அஞ்சாது. அந்த அருளை இறைவன் நம் குடும்பங்களுக்குத் தருவாராக.