எண்ணூர் நெடுஞ்சாலை – 14: பிளக்கா, டாங்க்கா?

எண்ணூர் லேலண்டு தொழிற்சாலை முதன்முதலில் பூட்டி வெளியே அனுப்பியது காரைத்தான் என்றால், கத்திவாக்கத்துக்காரர்களே பலர் நம்புவதில்லை. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களின் உதிரி பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து இங்கே பூட்டியது. பிறகு லேலண்டு கூட்டு வந்தது. 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய், லாரியும் பஸ்ஸும் நிலைத்தன.

கார்ப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம், சில காலமாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ‘பிளக்-இன் ஹைப்ரிட்’. பெட்ரோல் இன்ஜினும் உண்டு. வீட்டுச் சுவரில் செருகி சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு. சார்ஜ் இருக்கும்வரை கரண்டில் ஓடும், தீர்ந்ததும் இன்ஜின் எழுந்துகொள்ளும். ஊருக்குள் கரண்டு, திருப்பதிக்குப் போனால் பெட்ரோல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் இது பணக்காரர் வண்டி. 2016-இல் வந்த வால்வோ எக்ஸ்சி90 டி8 1.25 கோடி ரூபாய். 2022 டிசம்பரில் வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் 2.6 கோடி. வரியும் ஒரு காரணம். முழு மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய ஹைப்ரிட் காருக்கு செஸ் சேர்த்து 43 ஆக இருந்து, 2025 செப்டம்பரில்தான் 40 ஆனது. பிளக் இருந்தாலும் அரசாங்கக் கணக்கில் அது பெட்ரோல் வண்டிதான்.

பிளக்கும் டாங்க்கும் ஒரே வண்டியில் வேண்டும் என்ற யோசனையை லேலண்டு முன்பே செய்து பார்த்துவிட்டது. 2010 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில், நாட்டின் முதல் பிளக்-இன் சிஎன்ஜி ஹைப்ரிட் பஸ் என்று சொல்லி ‘ஹைபஸ்’ என்ற வண்டியைக் காட்டியது. 2016 எக்ஸ்போவிலும் ஒரு ஹைபஸ் வந்தது. பெயர் அதுவேதான், ஆனால் பிளக் இல்லை. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துத் தன் சார்ஜைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அதே ஆண்டு அக்டோபரில் ‘சர்க்யூட்’ வந்தபோது டாங்க்கே போய்விட்டது. முழு மின்சார பஸ். ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் என்றார்கள். முதலில் பிளக்கைக் கழற்றினார்கள், பிறகு டாங்க்கைக் கழற்றினார்கள். இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் வண்டி மட்டும் பஸ் உலகில் நிற்கவில்லை. பஸ்ஸுக்கு அது நியாயமே. அதற்கு ரூட் உண்டு, டெப்போ உண்டு, ராத்திரி நிற்க இடம் உண்டு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்களை முதல்வர் தொடங்கிவைத்தாரே, அவற்றை ஓட்டும் ஓம் நிறுவனமும் லேலண்டு குடும்பம்தான்.

காருக்கு வருவோம். ‘ஒரு சார்ஜில் 50 கிலோமீட்டர்’ என்று விளம்பரம் சொன்னால், நம் சாலையில் அது எவ்வளவு?

இந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். துறைமுக கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் நீளமாக நிற்கும். மிச்சமுள்ள இடத்தில் பஸ், ஷேர் ஆட்டோ, மீன் வண்டி, நாம். கார் ஒரு கிலோமீட்டர் நகர 0.15 யூனிட் கரண்டு என்று வையுங்கள். 50 கிலோமீட்டருக்கு ஏழரை யூனிட். மே மாத வெயிலில் ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்த ஏசிச் செலவு கிலோமீட்டருக்கு 0.03 யூனிட்தான், ரேஞ்ச் 42-க்கு இறங்கும், போகட்டும். ஆனால் எர்ணாவூர்ப் பக்கம் லாரி வரிசையோடு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால்? ஒரு கிலோமீட்டர் கடக்க ஆறு நிமிடம். ஏசி மட்டும் 0.15 யூனிட் குடிக்கும். கார் ஓடவும் அதே அளவு. ஐம்பது அப்படியே இருபத்தைந்தாகிறது. எண்ணூரிலிருந்து பாரிமுனை போய்வர ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலையில் முழு சார்ஜோடு கிளம்பியவர், திரும்பி வரும் வழியில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிடுவார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாமே என்பீர்கள். நிலக்கரித் தூசியும் டீசல் புகையும் பழகியவர்கள் ஓட்டட்டும்.

அடுத்தது பேட்டரியின் ஆயுள். இங்கேதான் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விற்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள், 10,500 கிலோமீட்டர். முழு மின்சாரக் காரில் பேட்டரியின் ரேஞ்ச் 400 என்றால் வருஷத்தில் 26 முறைதான் அது முழுக்கத் தீர்ந்து நிரம்பும். 50 கிலோமீட்டர் பேட்டரி 210 முறை தீர்ந்து நிரம்ப வேண்டும். பத்து வருஷத்தில் அதற்கு 260, இதற்கு 2,100. நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை செல்கள் பொதுவாக ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் சுற்றுக்குள் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்துவிடும். இரும்பு-பாஸ்பேட் வகை இன்னும் கூடுதலாகத் தாங்கும். சின்ன பேட்டரி, பெரிய உழைப்பு. போதாக்குறைக்கு அதே கனத்த காரை இழுக்க ஒவ்வொரு செல்லும் அதிகக் கரண்டு கொடுக்க வேண்டும். அதில் சூடு வேறு.

இதற்கு நல்ல வைத்தியம் செய்தது ஜெனரல் மோட்டார்ஸ். 2010-இல் வந்த ஷெவர்லே வோல்ட்டில் 16 யூனிட் பேட்டரி வைத்தார்கள். ஓட்டுபவர் கைக்குக் கொடுத்ததோ பத்து யூனிட் சொச்சம். மேலேயும் கீழேயும் கொஞ்சம் பூட்டிவைத்தார்கள். முழுக்க நிரம்பாது, முழுக்கக் காலியாகாது. பேட்டரியைக் குளிர்விக்கத் தனியாகக் கூலன்ட் ஓட்டம் வேறு. அமெரிக்க அரசின் கணக்கில் 56 கிலோமீட்டர்தான் ரேஞ்ச், ஆனால் பல ஆண்டு ஓடியும் அது பெரிதாகக் குறையவில்லை. இன்னொரு வேடிக்கை: பெட்ரோலே போடாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்களின் டாங்க்கில் பெட்ரோல் பழசாகிவிடும் என்று, அந்தக் கார் தானாகவே எப்போதாவது இன்ஜினை ஓட்டித் தீர்க்கும்.

நம் வெயிலில் இது இரண்டு மடங்கு முக்கியம். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: நூறு சதவீத சார்ஜோடு சும்மா நிற்பது, சூட்டில் நிற்பது. ராயபுரத்தில் மதியம் இரண்டு மணிக்கு முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நடக்கும். ஓடாமலே கிழடாகும்.

பேட்டரி கிழடானால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், இலங்கைக்குப் போனால் போதும். அங்கே பிரியஸ், அக்வா, வெசல் எல்லாம் சாதாரணக் குடும்பத்து வண்டிகள். பிளக் இல்லாத ஹைப்ரிட்கள்தான், ஆனால் பாடம் ஒன்றே. 2020-இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகளையே ஓட்டியாக வேண்டியதாயிற்று. பழைய பிரியஸ் பேட்டரியைத் திறந்தால் உள்ளே 28 மாட்யூல்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். அதில் ஒன்றிரண்டு நொந்துபோனாலே டாஷ்போர்டில் விளக்கு எரிந்துவிடும். கராஜ்காரர்கள் ஒவ்வொன்றாக லோடு கொடுத்து வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, நொந்ததைக் கழற்றி, வேறு பழைய பேட்டரியிலிருந்து எடுத்த நல்லதைப் போடுவார்கள். சில மாதம் ஓடும். பிறகு இன்னொன்று நோகும். புது பேட்டரியின் விலையைக் கேட்டவர்களுக்கு அந்தச் சில மாதமே பெரிசு.

ரேஞ்ச், ஆயுள் இரண்டையும் விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: பிளக்கில் செருகுவீர்களா? ஐரோப்பாவில் இதைப் பார்த்துவிட்டார்கள். ஐசிசிடி ஆய்வு அமைப்பு 2022-இல் சொன்ன கணக்கு: சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஓட்டும் தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கரண்டில் போகிறது, கம்பெனி கொடுத்த கார் என்றால் 11 முதல் 15 சதவீதம். பெட்ரோல் காசு கம்பெனி கொடுக்கும்போது ராத்திரி யார் எழுந்து போய் ஒயரைச் செருகுவார்கள்? பிரிட்டனில் சில கார்களில் சார்ஜிங் கேபிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே டிக்கியில் கிடந்தது. 2024-இல் ஐரோப்பிய ஆணையமே, சாலையில் ஓடும் வண்டிகளின் பதிவை எடுத்துப் பார்த்து, இவற்றின் புகை சோதனைக்கூடக் கணக்கைப்போல மூன்றரை மடங்கு என்றது.

ராயபுரத்தில் சோம்பலுக்கே இடமில்லை, செருகவே இடமில்லை. வீடு முதல் மாடியில், கார் அடுத்த தெருவில் சர்ச் சுவரோரம். ஜன்னல் வழியாக ஒயர் இறக்கினால் அது எங்கே போய்ச் சேரும்? இன்னும் சொல்லப்போனால், இந்தக் காரின் இரண்டு தீனியும் நம் பகுதியிலிருந்தே போகின்றன. பெட்ரோல், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. கரண்டு, அத்திப்பட்டு வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்தும் வல்லூரிலிருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெயையும், கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலையும் பார்த்தவர்களிடம் ‘சுத்தமான வண்டி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பர்ஸுக்கு லாபம் உண்டு: கரண்டில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய், பெட்ரோலில் ஆறேழு ரூபாய். புகைக்கணக்கு அப்படியில்லை. நிலக்கரிக் கரண்டில் ஓட்டினால், நல்ல மைலேஜ் தரும் சாதாரண ஹைப்ரிட்டை விடப் பெரிய மிச்சம் எதுவும் கிடையாது. புகை ராயபுரத்தை விட்டு அத்திப்பட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

என் தீர்ப்பு இதுதான். சொந்த கார் ஷெட், அதில் 15 ஆம்பியர் பாயின்ட், அன்றாடம் முப்பது கிலோமீட்டருக்குள் ஓட்டம், மாதம் ஒருமுறை வெளியூர். இத்தனையும் இருப்பவர்களுக்கு மட்டுமே பிளக்-இன் ஹைப்ரிட். மற்றவர்களுக்கு அது கனமான பேட்டரியைச் சும்மா சுமக்கும் பெட்ரோல் கார். வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஷோரூமில் ‘எட்டு வருஷ வாரன்டி சார்’ என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவீர்கள், அதை யார், எந்தக் கருவியில் அளப்பது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

(தொடரும்)