ஓடி ஒளியும் அலாரம்!

அலாரம் அடித்ததும் அதன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுபடியும் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் ஆளா நீங்கள்? அப்படியானால், 'க்ளாக்கி' கடிகாரத்திடம் உங்கள் ஜம்பம் பலிக்காது!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் படித்தபோது கௌரி நந்தா என்பவர் உருவாக்கிய கடிகாரம் இது. இரு பக்கமும் சக்கரங்கள் உண்டு. 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று பட்டனை அமுக்கினால் போதும்... மேஜையிலிருந்து தொப்பென்று குதித்து, உருண்டோடி, எங்காவது ஒளிந்துகொள்ளும். மீண்டும் அது அலறும்போது, எழுந்துபோய்த் தேடிப் பிடித்தால்தான் நிறுத்த முடியும். அதற்குள் தூக்கம் போயே போச்சு!

முதலில் சிரிக்கவும், பிறகு சிந்திக்கவும் வைப்பவற்றுக்குத் தரப்படும் 'இக் நோபல்' பரிசு, 2005-ல் இதற்குக் கிடைத்தது. எல்லோரும் அலாரத்தின் சத்தத்தைக் கூட்ட நினைத்தால், கௌரி அதற்குச் சக்கரம் மாட்டினார். வித்தியாசமாக யோசிப்பது என்றால் இதுதான்!