ராத்திரி பத்து மணிக்கு ரத்தமா?

"ஏன் தம்பி, ராத்திரி பத்து மணிக்கா வந்து கதவைத் தட்டுவீங்க? பகல்ல வந்தா ஆகாதா?"

கம்மாபுரத்தில் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் சில வருடங்களுக்கு முன் நடந்த வாக்குவாதம் இது. வாசலில் சுகாதாரத் துறை ஊழியர் இருவர். கையில் டார்ச், ஊசி, கண்ணாடித் துண்டுகள். யானைக்கால் நோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் வேண்டுமாம்.

"பகல்ல எடுத்தா பூச்சி கிடைக்காதும்மா. அது ராத்திரிதான் வெளியே வரும்" என்றார் அவர்.

"என்னது, பூச்சிக்குக் கடிகாரம் தெரியுமா?" என்று பெரியம்மா சிரித்துவிட்டாள்.

சிரிக்க வேண்டாம். நிஜமாகவே தெரியும்!

யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் மாதிரி மெல்லிய ஒரு புழு. பெண் புழு எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நம் உடம்பில் நிணநீர் ஓடும் குழாய்களில் ஆணும் பெண்ணுமாகக் குடித்தனம் நடத்தி, லட்சக்கணக்கில் குஞ்சுகளை ரத்தத்தில் விடும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குஞ்சுகள் நம் உடம்பிலேயே இருந்தால் வளராது. க்யூலெக்ஸ் என்ற கொசு அவற்றை ரத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். கொசுவின் வயிற்றுக்குப் போய் பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, அடுத்த ஆளைக் கடிக்கும்போது இறங்க வேண்டும். அப்போதுதான் வம்சம் விருத்தி.

இந்த க்யூலெக்ஸ் சாக்கடையில் பிறந்து, நாம் தூங்கும்போது கடிக்கிற கொசு. அதனால் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கி இருக்கும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை தோலுக்கு அருகே உள்ள ரத்தத்தில் கூட்டம் கூட்டமாக வரும். கொசு வரும் நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி!

சீனாவின் அமோய் நகரில் வேலை பார்த்த பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர்தான் 1877ல் இந்தப் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். பிறகு இரவும் பகலும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்தக் கடிகார விஷயத்தையும் வெளியே கொண்டுவந்தார்.

பெரியம்மாவின் மகன் நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். "நைட் ஷிப்ட் பார்த்துட்டு பகல்ல தூங்கறவனுக்கு?" என்றாள் பெரியம்மா. நல்ல கேள்வி. 1881லேயே லண்டனில் மெக்கன்ஸி என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவைத்து, இரவில் விழித்திருக்கச் செய்து பார்த்தார். சில நாளில் குஞ்சுகளும் மாறி, பகலில் வெளியே வர ஆரம்பித்தன. ஆக, புழு வானத்துச் சூரியனைப் பார்ப்பதில்லை. நம் தூக்கத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இன்னொரு வேடிக்கை. நம் நிக்கோபார் தீவுகளில் நான்கௌரிப் பக்கம் இதே புழுவில் ஒரு வகை உண்டு. அங்கே அதைப் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் இனக் கொசு. அங்குள்ள குஞ்சுகள் நாள் முழுக்க ரத்தத்தில் இருக்கின்றன, சொல்லப்போனால் பகலில் சற்று அதிகம். தலைமுறை தலைமுறையாக எந்தக் குஞ்சு சரியான நேரத்தில் வெளியே வந்ததோ அது கொசு ஏறிப் பிழைத்தது. மற்றதெல்லாம் வாரிசு இல்லாமல் போயிற்று. இப்படித்தான் ஊருக்கு ஊர் கொசுவுக்கேற்ற புழு.

கொசுவும் ஒன்றும் சும்மா இல்லை. சில அனாபிலிஸ் கொசுக்களின் தொண்டையில் பல் போன்ற முட்கள் உண்டு, உள்ளே போகும் குஞ்சுகளைக் கிழித்துவிடும். நம் ஊர் க்யூலெக்ஸுக்கு அந்த வசதி குறைவு. ஆனால் அளவுக்கு மீறிக் குஞ்சுகள் ஏறினால் கொசுவே செத்துப்போகும். வண்டி கவிழ்ந்தால் பயணிக்கும் நஷ்டம்தானே!

சரி, நம் உடம்பு என்ன செய்கிறது? இங்கேதான் பலரும் தப்பாக நினைக்கிறோம். புழு நம்மைக் கொல்ல வருவதில்லை, வருடக்கணக்கில் குடியிருக்க வருகிறது. அதற்காக நம் எதிர்ப்புச் சக்தியைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிறது. ரத்தத்தில் குஞ்சுகள் ஓடும் பெரும்பாலோருக்கு வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. மறுபுறம், கால் வீங்கிப்போனவர்களில் பலருக்கு ரத்தத்தைச் சோதித்தால் குஞ்சே இருக்காது. உடம்பு போராடியதிலும், புழு செத்ததிலும், பிறகு புண் வழியே பாக்டீரியா நுழைந்ததிலும் வந்த வீக்கம் அது.

இதை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டும். கால் வீங்கியவர் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறோம், அவர் பக்கத்தில் உட்கார யோசிக்கிறோம். உண்மையில் நோயைப் பரப்புவது பெரும்பாலும் ஆரோக்கியமாகத் தெரிகிற, தனக்கே தெரியாத ஆள்தான். அது நீங்களோ நானோ கூட இருக்கலாம்.

உடம்பு சிலருக்கு எதிர்ப்பக்கம் அளவுக்கு மீறிப் போய்விடும். நுரையீரலில் பதுங்கும் குஞ்சுகளை விடாமல் வேட்டையாடும். விளைவு? ராத்திரி ராத்திரி வறட்டு இருமல், இழுப்பு, ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஈசினோபில் அணுக்கள். நம்ம வீடுகளில் "ஈசினோபிலியா" என்று சொல்வதில் ஒரு வகை இது. கவனியுங்கள், ஒரு வகைதான்! அலர்ஜியிலும், குடல் பூச்சியிலும்கூட இந்த அணுக்கள் கூடும். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அந்த மாத்திரை டி.இ.சி. 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். இந்த மாத்திரையை வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கே கொடுக்கும் திட்டம் 1996ல் கடலூர் மாவட்டத்தில் நடந்தது. 2004லிருந்து நாட்டில் நோய் உள்ள மாவட்டங்களுக்கெல்லாம் விரிந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயாளிகள் தவிர எல்லோருக்கும்.

"மாத்திரை சாப்பிட்டா காய்ச்சலும் தலைசுற்றலும் வருது" என்று பலர் வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டார்கள். பெரியம்மாவும்தான்! அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ரத்தத்தில் குஞ்சுகள் உள்ளவர்களுக்கே வரும். அவை கும்பலாகச் சாகும்போது, அதுவரை ஏமாந்திருந்த உடம்பு விழித்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் தணியும். தாய்ப்புழு பல வருடம் குஞ்சு பொரிக்கும், மாத்திரை அதை முழுசாக ஒழிக்காது. அதனால்தான் ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் வருடா வருடம் கொடுக்கிறார்கள். இலங்கை இப்படி விடாமல் செய்து, 2016ல் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது? செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள், மூடியில் விரிசல் இருந்தால் பூசுங்கள். கொல்லையில் சாக்கடை தேங்க விடாதீர்கள். ஒரு கடியில் இந்த நோய் வராது, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட்டால்தான் வரும். ஆகவே கொசுவலை ஒரு நாள் மறந்துபோனதற்காகப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். சின்னப் புண்ணையும் அலட்சியம் செய்யக்கூடாது. விரைவீக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சர்ஜனைப் பாருங்கள், ஆபரேஷனில் சரியாகும்.

பெரியம்மாவின் புகாருக்கும் இப்போது பதில் வந்துவிட்டது. குஞ்சைத் தேடாமல் தாய்ப்புழு விடும் பொருளை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனை இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு, பத்து நிமிஷம்... பகலிலேயே எடுக்கலாம்.